கார் இருக்கட்டும் அம்மிணி, முதலில் ஆற்றங்கரை

ஆகஸ்ட்டில் கோபியிலிருந்து கனடாவில் இருக்கிற கால்கரிக்குக் குடி வருகிறீர்கள். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும், கார் வாங்க இன்னும் ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரை நாலு சுவருக்குள்ளேதான் கிடக்க வேண்டுமா, ஊரைச் சுற்றி ஆற்றங்கரையிலேயே நடக்கலாம், சைக்கிளில் போகலாம் என்கிறார்களே, அது நிஜமா, பெண் தனியாகப் போகலாமா, பனிக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது பவானியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேரம் கிடைத்ததால் விவரமாகவே எழுதுகிறேன்.

நிஜம்தான் அம்மிணி. கால்கரிக்குப் புதிதாக வரும் நம்மவர்களிடம் எல்லோரும் சொல்வது, "முதல்ல லைசென்ஸ் எடு, கார் வாங்கு, அப்புறம்தான் வாழ்க்கை" என்பது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நடந்து போகிற தூரத்தில் பாதை இருக்கிற மாதிரி வீடு பாருங்கள். கார் வரும்போது வரட்டும்.

ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ராக்கி மலையில் பனியும் பனியாறும் உருகி வருகிற தண்ணீர்தான் போ ஆறு. மேற்கே பௌனஸ் பக்கம் நகருக்குள் நுழைந்து, நடு ஊரை ஒட்டிக் கிழக்கே ஓடி, இங்கிள்வுட் தாண்டித் தெற்கே திரும்பி ஃபிஷ் கிரீக் பூங்கா வழியாக வெளியே போகிறது. தென்மேற்கிலிருந்து எல்போ ஆறு வந்து நடு ஊருக்குப் பக்கத்தில் அதில் சேர்கிறது. 1875இல் கோட்டை கட்டி ஊர் தொடங்கியது அந்தக் கூடுதுறையில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே பிளாக்ஃபுட் என்கிற பூர்வகுடி மக்கள் கூடிய இடம் அது. முகவரியில் என்.டபிள்யூ., எஸ்.இ. என்று நாலு திசை போட்டிருக்கும். வடக்குக்கும் தெற்குக்கும் எல்லை பெரும்பாலும் இந்த ஆறுதான். ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் இந்த ஊரில் வழி தவறவே முடியாது.

நகரம் முழுக்க இப்படி நடைக்கும் சைக்கிளுக்குமான பாதைகள் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் இருக்கின்றன. அதில் ஊரை முழுச் சுற்றாக வளைத்து வருவது கிரீன்வே என்கிற 138 கிலோமீட்டர் பாதை. 2017இல் முழுச் சுற்றும் இணைந்தது. ஆனால் அந்த 138ம் ஆற்றங்கரை என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கே ரிங் ரோட்டை ஒட்டிய பகுதி வெட்டவெளி. மரநிழல் கிடையாது, காற்று முகத்தில் அறையும், லாரி சத்தம் கூடவே வரும். சைக்கிள் பழகியவர்கள் ஒரே நாளில் முழுச் சுற்றும் முடிக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் என்னைக் கேட்டால் அழகெல்லாம் மேற்கிலிருந்து தெற்கு வரை ஆற்றோடு வருகிற பகுதியில்தான் இருக்கிறது. முதல் கோடையில் அதைத் துண்டு துண்டாகப் பாருங்கள்.

தொடங்க நல்ல இடம் பிரின்ஸஸ் ஐலண்ட். நடு ஊரின் பெரிய கட்டடங்களுக்குக் கீழேயே ஆற்றுக்குள் இருக்கிற தீவுப் பூங்கா. அதற்குச் சற்று மேற்கே பீஸ் பிரிட்ஜ். சாந்தியாகோ கலத்ராவா என்கிற ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2012இல் திறந்த சிவப்புப் பாலம். ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நடுவில் சைக்கிள், இரு ஓரங்களில் நடப்பவர்கள். பாலம் தாண்டி வடகரையில் ஏறிக் கிழக்கே போனால் பிரிட்ஜ்லேண்ட். அங்கிருந்து செயின்ட் பேட்ரிக்ஸ் தீவுக்கு இன்னொரு நடைப்பாலம். மெதுவாக நடந்தாலும் ஒரு காலைப் பொழுதுக்குள் முடிந்துவிடும்.

இந்தக் கரை இப்படித் திறந்து கிடப்பது தானாக நடந்ததல்ல. 1960களில் தண்டவாளங்களை நடு ஊரிலிருந்து எடுத்து ஆற்றின் தென்கரையோரம் போட ரயில்வே நிறுவனம் ஒரு திட்டம் வைத்திருந்தது. ஊர்ப் பெண்கள் அமைப்புகள் உள்பட நிறையப் பேர் எதிர்த்தார்கள், 1964இல் திட்டம் கைவிடப்பட்டது. தண்டவாளம் வந்திருந்தால் இன்று நாம் ஆற்றைக் கம்பி வேலிக்கு அப்பால் நின்றுதான் பார்த்திருப்போம். அந்தப் பெண்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். நொய்யலை நாம் என்ன செய்தோம் என்று தெரிந்த ஊர்க்காரிக்கு அந்த அருமை இன்னும் கூடுதலாகவே புரியும்.

சரி, தனியாகப் போகலாமா? பகலில் தாராளமாகப் போகலாம். நானே போகிறேன். நாயைக் கூட்டி வருகிறவர்கள், பிள்ளை வண்டி தள்ளுகிறவர்கள், ஓடுகிறவர்கள் என்று ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். எதிரே வருகிறவர்கள் தலையசைத்து "மார்னிங்" சொல்வார்கள். நீங்களும் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், யாரும் நிறுத்தி எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் இருட்டிய பிறகு நடு ஊருக்குக் கிழக்கே பாலங்களுக்கு அடியில் போகும் பகுதிகளில் தனியாகப் போக வேண்டாம். அந்த நேரத்துக்கு மேலே தெருவே நல்லது. அவசரம் என்றால் 911. பாதையில் விளக்கு எரியவில்லை, மரம் விழுந்து கிடக்கிறது என்றால் 311க்குச் சொல்லுங்கள். நகராட்சிக்கான எண் அது.

பாதைக்கென்று சில முறைகள் இருக்கின்றன. வலப்பக்கம்தான் போக வேண்டும். நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பாதையை அடைத்துக்கொண்டு பேசியபடி நடப்போம். அங்கே பின்னால் சைக்கிள் வருகிறது, ஒதுங்கி இருவர் இருவராக நடங்கள். பின்னால் மணியடித்தால் திட்டுகிறார்கள் என்று அர்த்தமில்லை, இடப்பக்கமாகத் தாண்டப் போகிறேன் என்று சொல்கிறார்கள். திடுக்கிட்டு இடப்பக்கம் நகர்ந்துவிடாதீர்கள், அப்படியே நேராகப் போங்கள். சைக்கிளுக்கு மணி கட்டாயம். பொதுவாக வேக வரம்பு மணிக்கு 20 கிலோமீட்டர். கூட்டமான இடங்களில் நடப்பவர்களுக்கு ஒரு தடம், சக்கரத்துக்கு ஒரு தடம் என்று பிரித்திருப்பார்கள். ஹெல்மெட் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிள் பழையதே போதும். ஆனால் பூட்டில் காசு பார்க்காதீர்கள். சங்கிலிப் பூட்டை நிமிடத்தில் வெட்டிவிடுவார்கள். கெட்டியான யூ வடிவப் பூட்டு வாங்கி, சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். திரும்பி வரத் தெம்பில்லை என்றால் சைக்கிளோடு சி டிரெயின் என்கிற நகர ரயிலில் ஏறிக்கொள்ளலாம். வேலை நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் விட மாட்டார்கள்.

காற்றைப் பற்றி ஒன்று. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அதனால் கிளம்பும்போது மேற்கே, ஆற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது காற்றும் இறக்கமும் நம் பக்கம். குளிர்காலத்தில் அதே திசையிலிருந்துதான் சினூக் வரும். ராக்கிக்கு அந்தப் பக்கம் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி வருகிற காற்று. மலையாளத்துப் பக்கம் மழை கொட்டித் தீர்க்க, பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் பக்கம் வெறும் ஆடிக்காற்றாக வந்து சேர்கிறதே, அந்தக் கதைதான். காலையில் மைனஸ் 20 என்று போர்த்திக்கொண்டு கிளம்பியவர்கள் சில மணி நேரத்தில் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் பிடித்து நடப்பார்கள். ஆனால் சினூக்கில் உருகிய பனி ராத்திரியில் மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். புதுப் பனியைவிட அதுதான் ஆளைச் சாய்க்கும். ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ளும் ஆணிப் பட்டை கடைகளில் கிடைக்கும். வந்த முதல் நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். சைக்கிளுக்கும் ஆணி வைத்த டயர் உண்டு. ஆனால் முதல் குளிர்காலத்தில் நடையே போதும்.

முக்கியமான பாதைகளில் பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் நகராட்சி வண்டி வந்து தள்ளிவிடும். எல்லாப் பாதையையும் தள்ளுவதில்லை, எதெது என்று நகராட்சி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். குளிரில் குடிநீர்க் குழாய்களை மூடிவிடுவார்கள், கழிப்பறைகளும் பல இடங்களில் பூட்டியிருக்கும். வீட்டிலிருந்தே வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், அதனால் மதியச் சோறு உண்டவுடன் கிளம்புங்கள். அந்த வெளிச்சத்தைத் தவறவிட்டால் மனசு சோர்ந்துபோகும். முதல் குளிர்காலத்தில் பெண்கள் பலர் வாடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொன்னதெல்லாம், பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஆற்றோரம் நடங்கள் என்பதுதான். ஜாக்கெட்டை ஈரோட்டிலும் கோவையிலும் தேட வேண்டாம், அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாம் வாய்க்கால் மேட்டிலிருந்து குதித்து நீந்திப் பழகியவர்கள். அந்த ஆற்றில் அது வேண்டாம். கோடையிலும் தண்ணீர் சில்லென்று உடம்பை முடக்கிவிடும். குளிர்காலத்தில் மேலே உறைந்திருப்பதைப் பார்த்து ஏறி நடக்கவும் வேண்டாம், அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர் படகில் மிதந்து போகிறவர்களுக்கு மிதவைச் சட்டை கட்டாயம். 2013 ஜூனில் இரண்டு ஆறும் பொங்கி, பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாகிவிட்டது. கரைப் பாதைகளையும் நடைப்பாலங்களையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. இன்றும் ஜூனில் மழை தொடர்ந்தால் கரையில் தடுப்பு வைப்பார்கள். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். கரையில் நிற்கும் பாப்லர் மரங்களின் அடியில் இடுப்பளவுக்குக் கம்பி வலை சுற்றியிருப்பார்கள். பீவர் என்கிற, மரத்தைக் கொறிக்கும் விலங்கு கடித்துச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக. வலை இல்லாத மரத்தில் குனிந்து பார்த்தால் உளியால் செதுக்கிய மாதிரி பல் தடம் வரிவரியாக இருக்கும், கீழே புதுச் சீவல் கிடந்தால் முந்தின ராத்திரி வேலை. வசந்தத்தில் அந்த மரங்களின் மொட்டு வெடிக்கும்போது பிசின் வாசனை பாதை முழுக்க வரும். அதே சமயம் வாத்துகள் குஞ்சு பொரித்திருக்கும். கழுத்தை நீட்டிச் சீறினால் விலகிப் போய்விடுங்கள்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரு கோடையில் வந்திருந்தார்கள். அப்பாவுக்குக் காலிங்கராயன் பாசனத்தில் வயல். கடை, மால் எதுவும் பிடிக்கவில்லை. இங்கிள்வுட் பக்கம் ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை, அதிலிருந்து ஒரு பாசன வாய்க்கால் பிரிகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடியன் பசிபிக் ரயில்வே வெட்டியது. கரையிலேயே பாதை, கிழக்கே செஸ்டர்மியர் ஏரி வரை சைக்கிளில் போகலாம். அப்பா தலைமதகுப் பக்கம் நின்றவர் நகரவே இல்லை. ஷட்டரை எப்போது திறப்பார்கள், முறை வைத்து விடுவார்களா, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதன்பின் தினமும் காலையில் அங்கேதான் போக வேண்டும் என்றார். அம்மா பிரின்ஸஸ் ஐலண்ட் புல்லில் பவானி ஜமக்காளத்தை விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துவிட்டு, "இவ்வளவு தண்ணி போகுது, கரையில ஒரு வாழை இல்லியே" என்று வருத்தப்பட்டார். உங்கள் மாமனார் மாமியார் ஆறு மாத விசாவில் வரும்போது இந்தப் பாதை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். கார் ஓட்டிக் கூட்டிப் போக ஆள் இல்லாமலே அவர்களால் வெளியே போய்வர முடியும்.

இனி வீடு. வடகிழக்கே சாடில்டவுன் பக்கம் வாடகை குறைவு, நம் மளிகைச் சாமான் கிடைக்கும், அதனால் பெரும்பாலோர் அங்கே போகிறார்கள். அங்கிருந்து போ ஆறு நடக்கிற தூரமில்லை. ஆனால் சி டிரெயினின் ப்ளூ லைனில் ஏறி பிரிட்ஜ்லேண்ட் மெமோரியலில் இறங்கினால் ஆறு எதிரிலேயே. ஸ்டேஷனுக்கு நடந்து போகிற மாதிரி வீடு கிடைத்தால் அதுவும் நல்லதுதான். சன்னிசைட், இங்கிள்வுட் பக்கம் கரையை ஒட்டியே இருக்கலாம், வாடகை கூட. பௌனஸ், மாண்ட்கோமரி பக்கமும் விசாரித்துப் பாருங்கள். அறை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை என்பது என் கணக்கு, ஆனால் முடிவு உங்கள் இருவருடையது. அங்கே சில பேட்டைகள் ஆற்றிலிருந்து செங்குத்தான மேட்டின் மேல் இருக்கும். வரைபடத்தில் அரை கிலோமீட்டர் என்று காட்டும், நேரில் படிக்கட்டாக ஏற வேண்டியிருக்கும். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் முகவரியை எனக்கு அனுப்புங்கள். கரைக்கு இறங்க வழி எது, பனிக்காலத்தில் அந்த வழியைத் தள்ளுகிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.