வாலிபப் பிள்ளைகளின் விசுவாசம்: கேட்டவைகளுக்குப் பதில்

சபையில் பதின்வயதுப் பிள்ளைகளை நடத்துகிறவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை.

பாளையங்கோட்டை, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை: திடப்படுத்தல் (பேராயர் கைவைத்து ஜெபித்து, பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்கும் ஆராதனை) முடிந்ததும் பிள்ளைகள் ஆலயத்துக்கு வருவதே இல்லை, அண்ணன். என்ன செய்வது?

விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் மனப்பாடம் ஆகிவிட்டது, பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டார், வெள்ளை உடையில் போட்டோவும் எடுத்தாயிற்று. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைக்குச் சபையில் என்ன வேலை? ஒன்றுமில்லை. அங்கேதான் பிள்ளையைக் கைவிடுகிறோம். வேதபாடம் வாசிக்க விடுங்கள், பாலர் வகுப்பில் கதை சொல்லச் சொல்லுங்கள், படுக்கையில் இருக்கிற தாத்தா பாட்டிகளைப் பார்க்கப் போகும்போது கூட்டிப்போங்கள் (இரண்டு பெரியவர்களாவது உடன் வேண்டும்). வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க முன்நின்றபோது அவருக்கு வயது 28. ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் இளவயதிலேயே பொறுப்பு கொடுக்கப்பட்டவர் அவர். பொறுப்பு வந்தால் பிள்ளை தானாக வேதத்தைத் திறக்கும்.

மார்த்தாண்டம்: ஜெபக்கூட்டத்திலும் போன் பார்க்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

கூட்டம் முடியும்வரை எல்லாருடைய போனையும் ஒரு கூடையில் போடச் சொல்லுங்கள். முதலில் உங்கள் போன்.

மதுரை, ஒரு தாய்: பதினொன்றாம் வகுப்பு படிக்கிற என் மகன், கடவுள் இருப்பதற்கு என்ன ஆதாரம் என்கிறான். கண்டிக்கட்டுமா?

வேண்டாம் அம்மா. கேட்கிற பிள்ளை இன்னும் உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான். 13-ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. இயேசு உயிர்த்தெழுந்ததை அவருடைய சீஷன் தோமா, தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றான். இயேசு அவனைத் துரத்தவில்லை, கையை நீட்டச் சொன்னார். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், சேர்ந்து தேடுங்கள்.

தூத்துக்குடி: வாலிபர் முகாமின் கடைசி இரவு, இயேசுவுக்கு வாழ்வை ஒப்புக்கொடுக்க அழைப்பு கொடுப்போம். நிறையப் பேர் அழுது ஒப்புக்கொடுப்பார்கள். ஊர் திரும்பினால் பழையபடிதான். ஏன்?

தூக்கமில்லை, விளக்கை அணைத்தாயிற்று, கீபோர்டு மெல்ல வாசிக்கிறது, பக்கத்தில் இருப்பவன் அழுகிறான். பதினாலு வயதுப் பிள்ளை அழ இது போதும். சோர்வு எது, ஆவியானவரின் கிரியை எது என்று அந்த இரவில் நம்மால் பிரிக்க முடியாது. கையுயர்த்தியவர்களை எண்ணி அறிக்கையில் போடாதீர்கள்.

தூத்துக்குடி, மறுபடியும்: பெந்தெகொஸ்தே நாளில் 3000 பேர் சேர்ந்தார்கள் என்று வேதமே எண்ணிச் சொல்கிறதே, பிரதர்?

சொல்கிறது. அது அப்போஸ்தலர் 2:41. அடுத்த வசனத்தை வாசியுங்கள்: உபதேசத்திலும் அந்நியோந்நியத்திலும் அப்பம் பிட்குதலிலும் ஜெபத்திலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள். 42-ஆம் வசனத்துக்கு உங்கள் முகாமில் என்ன ஏற்பாடு?

கோவை: நான் அப்படி ஒரு முகாமில்தான் ரட்சிக்கப்பட்டேன். அழைப்பைக் குறை சொல்வது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஸ்தோத்திரம். அழைப்பை நான் மறுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியபின் உங்களை யார் விசாரித்தார்கள்?

கோவை: எங்கள் ஓய்வுநாள் பள்ளி அக்கா. வாராவாரம் வீட்டுக்கு வந்து அம்மாவையும் வைத்துக்கொண்டு ஜெபிப்பார்கள்.

அந்த அக்காவைப் போல ஆளைத்தான் கேட்கிறேன். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், ஒரு வருடம். அதற்கு ஆள் இல்லையென்றால் முகாமைத் தள்ளிவையுங்கள்.

தென்காசி: போன் பழக்கத்தை விடவைக்க ஏதாவது வசனம்?

மேலே சொல்லிவிட்டேன்.

திருச்சி: ஒரு பெண்பிள்ளை தனியாகப் பேச வேண்டும் என்கிறாள். மாலையில் வீட்டுக்கு வரச் சொல்லலாமா?

கூடாது. பிறர் பார்வை படுகிற இடத்தில், இன்னொரு பெண் ஊழியரும் இருக்கப் பேசுங்கள். யாராவது அவளிடம் தவறாக நடந்ததாகச் சொன்னால் சபைக்குள்ளேயே பேசி முடிக்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம்.

சேலம்: ஒரு பையன் சாக வேண்டும் என்கிறான். உபவாச ஜெபம் வைக்கிறோம்.

ஜெபியுங்கள். ஆனால் அவனைத் தனியே விடாமல், பெற்றோரிடம் சொல்லி இன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் பேசலாம். இது என் துறை அல்ல, தாமதிக்காதீர்கள்.

நாகர்கோவில்: பன்னிரண்டாம் வகுப்பு என்று பெற்றோர் அனுப்புவதில்லை. போனும் கையில்...

போனை விடுங்கள். பொதுத்தேர்வு வருடத்தில் வாரம் அரைமணி நேரம் கேளுங்கள், பெற்றோர் சம்மதிப்பார்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், வாரம் ஒன்றாக அவனோடு வாசியுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் கூப்பிட்டு விசாரியுங்கள்.