சுவரில் கிரேயான், கூடமெல்லாம் பொம்மை

கேள்வி: மூத்தவளுக்கு 4 வயது, இளையவனுக்கு ஒன்றரை. சுவரெல்லாம் கிறுக்கல், பொம்மைகளை எடுத்துவைத்த பத்தே நிமிடத்தில் பழையபடி இறைந்து கிடக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் என்ன பெயின்ட் என்று பாருங்கள். கழுவக்கூடிய எமல்ஷன் என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். கிரேயான் மெழுகு, வெறும் தண்ணீருக்குப் போகாது. மிஞ்சும் கறையை ஈரத்துணியில் சிட்டிகை சமையல் சோடா தொட்டு மெல்லத் தேயுங்கள். அழுத்தினால் அந்த இடம் மட்டும் பளபளத்து, கிறுக்கலைவிட அசிங்கமாகத் தெரியும். சுண்ணாம்பு, சாதாரண டிஸ்டெம்பர் சுவரென்றால் தேய்க்கவே வேண்டாம், பூச்சே கையோடு வந்துவிடும். அங்கே 3 அடி உயரம் வரை சார்ட் பேப்பர் ஒட்டிவிடுங்கள். எழுதட்டுமே, பிள்ளைகளுக்கு எழுதும் வயதுதானே!

பொம்மைகளை ஒரே பெரிய கூடையில் போடுவதுதான் தவறு. அடியில் கிடக்கும் காருக்காக முழுக் கூடையையும் கவிழ்ப்பார்கள். மூடியில்லாத 3 சிறு கூடைகள் போதும். மிச்சத்தைப் பரணில் ஏற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். “எடுத்து வை” என்றால் மூத்தவளுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. “காரெல்லாம் சிவப்புக் கூடையில்” என்று சொல்லிப் பாருங்கள்.

வீடு கலைந்து கிடந்தால் பரவாயில்லை. ஆனால் பட்டன் பேட்டரி (பொம்மை, ரிமோட்டுக்குள் இருக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி), பாசிமணி, கோலிக்குண்டு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. பட்டன் பேட்டரி தொண்டைக்குக் கீழே சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.