கரிசல் மண் வீட்டில் சுவர் வெடிப்பு: பூச்சா, அஸ்திவாரமா?

கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் கட்டிய வீடு, ஜன்னல் மூலையில் வெடிப்பு என்கிறீர்கள்.

முடி கனத்தில் வலைபோல் பரவியிருந்தால் பூச்சோடு சரி. மூலையிலிருந்து சாய்வாக ஏறி, செங்கல் இணைப்பில் படிக்கட்டாகப் போய், உள்ளும் வெளியும் ஒரே இடத்தில் தெரிந்தால் மண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகினால் பெரும்பாலும் வீட்டின் அந்தக் கோடி மண்ணில் இறங்குகிறது.

கரிசல் கோடையில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். வெடிப்பும் கூடவே திறந்து மூடும். இருபுறமும் பென்சில் புள்ளி வைத்து, மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு குறியுங்கள், ஒரு வருஷம் முழுக்க. கோடையில் சிமெண்ட் அடைத்தால் மழைக்கு நசுங்கிப் பெயரும். கொத்தனார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

மண்ணின் ஈரத்தை மாற்றும் இரண்டை முதலில் பாருங்கள்: சுவரை ஒட்டிய வேப்பமரம், கசியும் கழிவுநீர்க் குழாய். வெடிப்பின் அகலம் 5 மி.மீ. தாண்டினாலோ, கதவு நிலையில் பிடித்தாலோ கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.