பீலித் தண்ணியும் இரண்டு லயமும்

வணக்கம் ஐயா,

முரண்பாட்டுத் தீர்வு பற்றிய டிப்ளோமா படிக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) 24 வீடு, கீழ் லயத்தில் 30 வீடு. எல்லோருக்கும் ஒரே பீலி (மலை ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்), ஒரே பைப். மழைக்காலத்தில் பிரச்சினை இல்லை. தை பிறந்தால் சண்டைதான். கீழே இருப்பவர்கள் பைப்பைத் திறந்தே விடுகிறார்கள் என்று மேலே சொல்கிறார்கள். மேலே இருப்பவர்கள் வால்வை அடைக்கிறார்கள் என்று கீழே சொல்கிறார்கள். இரண்டு லயமும் வேறு வேறு தொழிற்சங்கம். போன வருடம் தலைவர்மார் கோயிலில் பஞ்சாயத்து வைத்து இரண்டு பக்கத்துக்கும் தண்டம் போட்டார்கள். இந்த வருடம் ஒரு பையனுக்கு மண்டை உடைந்தது. வகுப்பில் படிக்கும் முக்கோணம், பிரமிட் என்ற வரைபடங்கள் இதற்கு உதவுமா? பொலிசுக்குப் போவதா, மத்தியஸ்த சபைக்கா?

— ஒரு வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள தங்கைக்கு,

முக்கோணம் உதவும். பிரமிட்டை இப்போதைக்குக் கொப்பியிலேயே விட்டுவிடுங்கள்.

சமாதான ஆய்வாளர் யொஹான் கல்துங் வரைந்த முக்கோணத்துக்கு மூன்று முனை: மனப்பாங்கு, நடத்தை, முரண். உங்கள் பஞ்சாயத்து தண்டம் போட்டது நடத்தைக்கு மட்டும். முரண் இருப்பது பைப்பில். அது போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, அதனால் சண்டையும் அப்படியே வந்தது. அடிதடி நின்றிருப்பது மட்டுமே சமாதானம் ஆகாது என்று 1969 இல் அவர் பிரித்துக் காட்டியதும் இதைத்தான். மழைக்காலத்தில் உங்கள் தோட்டத்தில் இருப்பது அந்த அரைச் சமாதானம்.

முதலில் பைப்பைப் பாருங்கள், மனிதர்களைப் பிறகு பார்க்கலாம். பீலியிலிருந்து சரிவில் இறங்கும் ஒரே குழாயில் தண்ணீர் குறைந்திருக்கும்போது கீழே ஒரு குழாய் திறந்தாலே போதும். தண்ணீர் மேல் லயத்தைத் தாண்டி இறங்கிவிடும், மேல் குழாயில் காற்றுத்தான் வரும். கீழே யாரும் வீணாக்க வேண்டியதில்லை, சோற்றுக்கு ஒரு குடம் பிடித்தாலும் இதுதான் நடக்கும். மேலே இருப்பவருக்கு வால்வை அடைப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. இரண்டு பக்கமும் சொல்வது உண்மை. இதை யாராவது விளக்கிச் சொன்னாலே மனப்பாங்கு என்ற முனை பாதி மழுங்கிவிடும். 'நீ கெட்டவன்' என்பது 'பைப் இப்படிப் போட்டிருக்கிறது' என்று மாறும்.

அடுத்தது அளவு. பத்து லீற்றர் வாளியைப் பீலியில் வையுங்கள், எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் எடுத்தால் நிமிடத்துக்கு 5 லீற்றர், நாளுக்கு 7,200 லீற்றர். 54 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 133 லீற்றர். தாராளமில்லை, ஆனால் மண்டை உடையத் தேவையில்லாத அளவு. அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? இரவில். ஒன்பது மணியிலிருந்து நாலு மணிவரை எல்லோரும் தூங்கும்போது அதே பீலியிலிருந்து 2,100 லீற்றர் வழிந்து போகிறது. விடியப்புறம் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போகும் அவசரத்தில் 54 வீடும் ஒரே மணித்தியாலத்தில் கேட்பது 300 லீற்றரைத்தான். கோரிக்கை என்று பார்த்தால் இரண்டு லயமும் வால்வைக் கேட்கின்றன. தேவை என்று பார்த்தால் இரண்டுக்கும் வேண்டியது அந்த ஒரு மணித்தியாலத்துத் தண்ணீர். அதற்கு வேண்டியது தாங்கி.

தாங்கி வந்தால் போதாது, 'சாவி யாரிடம்?' என்ற அடுத்த சண்டை தொடங்கும். சாவியே தேவையில்லாத வழி ஒன்று உண்டு. பீலிக்குக் கீழே சிறிய பகிர்வுத் தொட்டி கட்டி, அதன் சுவரில் ஒரே உயரத்தில், ஒரே விட்டத்தில் ஒன்பது துளை போடுங்கள். 24க்கும் 30க்கும் உள்ள விகிதம் 4க்கு 5. நாலு துளைத் தண்ணீர் ஒரு அறையில் விழுந்து மேல் லயத் தாங்கிக்கு, ஐந்து துளைத் தண்ணீர் மற்ற அறையில் விழுந்து கீழ் லயத் தாங்கிக்கு. துளையில் பைப்பை நேரே செருகிவிடாதீர்கள். கீழே நீளமாக இறங்கும் பைப் அதிகம் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் காற்றில் விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எண்ணத் தெரிந்த எந்தப் பிள்ளையும் போய்ப் பார்த்து வரலாம்.

இதற்கெல்லாம் யாரிடம் அனுமதி கேட்பது? இங்கேதான் பஞ்சாயத்து தவறவிட்ட ஆள் வருகிறார். 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுடையது. லயத்தில் பரம்பரையாக வாழ்பவருக்கு அந்தப் பீலியின் மேல் எந்த உரித்தும் எழுத்தில் இல்லை. அமைப்புசார் வன்முறை (யாரும் கை ஓங்காமல் அமைப்பே செய்யும் தீங்கு) என்று வகுப்பில் சொல்வதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். நிருவாகத்தை வெளியே வைத்துவிட்டு இரண்டு லயத்தையும் கைகுலுக்க வைப்பது, பிணக்கை அயலவர் சண்டையாகச் சுருக்கும் வேலை. கூட்டத்துக்கு முன்பே துரையிடம் (தோட்ட முகாமையாளர்) எழுத்தில் கேளுங்கள்: தொட்டிக்கு இடம் தருவாரா, இரண்டாவது பைப்புக்கும் தாங்கிகளுக்கும் யார் செலவு?

கூட்டம் என்பது கடைசி வேலை. அதற்கு முன் ஒவ்வொரு லயத்தையும் தனித்தனியாகச் சந்தியுங்கள், பெண்களைத் தனியாகவும். தண்ணீர் சுமப்பவர் அவர்கள். பஞ்சாயத்தில் பேசியவர் ஆண்கள். கோயிலையும் சங்கக் காரியாலயத்தையும் தவிர்த்து, பிள்ளைக் காம்பரா (பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) போன்ற பொது இடமாகப் பாருங்கள். சம்பள நாள் வேண்டாம். தலைவர்மாரை ஒதுக்கினால் அவர்களே மறுநாள் கலைத்துவிடுவார்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள், தீர்ப்புச் சொல்லும் கதிரையை மட்டும் போடாதீர்கள். நீங்களும் அதில் உட்காராதீர்கள். சபைக்கு முன் மன்னிப்புக் கேட்க வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம், அந்த வெட்கம் அடுத்த திருவிழாவில் கல்லாக வரும்.

இணங்கியதை எழுதும்போது 'ஒற்றுமையாக இருப்போம்' என்று எழுதாதீர்கள். தொட்டியை யார், எந்தக் கிழமை கழுவுவது, துளை அடைத்தால் யாரிடம் சொல்வது, பைப் வெடித்தால் எத்தனை நாளில் யார் திருத்துவது, எந்தத் திகதியில் மறுபடி கூடுவது என்று எழுதுங்கள். மூன்று பிரதி: லயத்துக்கு ஒன்று, தோட்டக் காரியாலயத்துக்கு ஒன்று.

மண்டை உடைந்த விடயம் வேறு. அதைப் பொலிசில் முறைப்பாடாகப் பதிய வேண்டும். 'வாபஸ் வாங்கினால் தண்ணி தருகிறோம்' என்ற பேரம் தண்ணீர்ப் பேச்சுக்குள் நுழையக்கூடாது. மத்தியஸ்த சபை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சட்டத்தரணி ஆஜராக முடியாது, சபை தீர்ப்பளிக்காது, இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தரும். இரண்டு வீட்டுக்கு இடையிலான கடன், வேலி, ஏச்சுப்பேச்சுக்கு நல்ல இடம். 54 வீடும் ஒரு கம்பனியும் சேர்ந்த பைப்புக்கு அது முதல் வாசல் அல்ல. யார் போனாலும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் கேட்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம்.

பீலியை மாசியில் அளந்து பாருங்கள், மழைக்கால அளவை வைத்துச் செய்த இணக்கம் தையில் உடைந்துவிடும். வாளி பிடிக்க மேல் லயத்திலிருந்து ஒருவர், மணிக்கூடு பார்க்கக் கீழ் லயத்திலிருந்து ஒருவர்.