ஐ-407 கொடுத்து கிரீன் கார்டை விட்டுவிட்ட மனைவிக்கு மறுபடியும் விண்ணப்பிக்க முடியுமா? பழைய மனு செல்லுமா?

கேள்வியின் சுருக்கம் இது: கணவர் அமெரிக்கக் குடிமகன். மனைவி சில வருடம் கிரீன் கார்டில் இருந்தார். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு தமிழ்நாடு திரும்பியபோது ஐ-407 படிவம் கொடுத்து கார்டை ஒப்படைத்துவிட்டார். இப்போது மறுபடி அமெரிக்கா போக நினைக்கிறார்கள். முன்பு விட்டுக்கொடுத்தது தடையாகுமா?

ஆகாது. ஐ-407 என்பது தானாக முன்வந்து உரிமையை விடுவது. அதற்குத் தண்டனை கிடையாது, இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. நாடுகடத்தல் உத்தரவு வாங்கியவர்களுக்கு வரும் தடைகளை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டு, கார்டைக் காட்டி விமான நிலையத்தில் அதிகாரியோடு மல்லுக்கட்டியவர்களைவிட, முறையாக ஒப்படைத்தவரின் கோப்பு சுத்தமாக இருக்கும்.

ஆனால் பழைய ஐ-130, அதாவது மனைவிக்காகக் கணவர் போடும் உறவினர் மனு, செல்லாது. அந்த மனுவை வைத்து விசா வாங்கி அமெரிக்காவுக்குள் நுழைந்த நாளோடு அதன் வேலை முடிந்துவிட்டது. பழைய அங்கீகாரக் கடிதத்தை அனுப்பி "இதையே திறந்து கொடுங்கள்" என்று கேட்டுப் பலர் மாதக்கணக்கில் வீணடிக்கிறார்கள். புது மனு, புதுக் கட்டணம், புது மருத்துவப் பரிசோதனை, புது நேர்காணல் எல்லாம் வேண்டும். மனைவியின் செலவுக்குப் பொறுப்பேற்று முன்பு போட்ட ஐ-864 பொறுப்புப் பத்திரமும் அப்படித்தான். மனைவி நிரந்தர வசிப்புரிமையை விட்டுவிட்டு நாட்டை விட்டுக் கிளம்பியதோடு அந்தப் பொறுப்பு முடிந்தது. புதிதாக ஒன்று போட வேண்டும்.

எஸ்பி-1 என்ற 'திரும்பி வரும் குடியிருப்பாளர்' விசா பற்றியும் கேட்கிறார்கள். அது, கார்டை விடும் எண்ணமே இல்லாமல், தன் கையை மீறிய காரணத்தால் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே மாட்டிக்கொண்டவர்களுக்கானது. ஐ-407இல் "விட்டுவிடுகிறேன்" என்று கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வாதம் நிற்காது. அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

குடிமகனின் மனைவி என்றால் 'உடனடி உறவினர்' வகை. எண்ணிக்கை வரம்பு இல்லை, யாருடைய முறை வந்தது என்று மாதாமாதம் வரும் விசா புல்லட்டின் பார்க்க வேண்டாம். மனுவுக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். இந்தியாவில் இருந்துகொண்டே யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) தளத்தில் கணக்குத் திறந்து போடலாம். தூதரகத்தில் நேரடியாகக் கொடுப்பது மிக அபூர்வமான அவசரங்களுக்கு மட்டும். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், போடும் நாளில் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

படிவத்தில் இரண்டாவது முறை விண்ணப்பிப்பவர்கள் சறுக்கும் இடங்கள் உண்டு. "இவருக்காகவோ வேறு யாருக்காகவோ முன்பு மனு போட்டிருக்கிறீர்களா?" என்று மனுதாரரிடம் ஒரு கேள்வி வரும். முதல் கிரீன் கார்டு நீங்கள் போட்ட மனுவால் வந்தது என்றால் "ஆம்" என்று போட்டு, எங்கே, எப்போது, என்ன முடிவு என்று எழுத வேண்டும். அடுத்து, "வேறு யாராவது இவருக்கு மனு போட்டிருக்கிறார்களா?" என்ற கேள்வி. அவருக்குக் கார்டு வேலை மூலமோ அப்பா அண்ணன் மூலமோ வந்திருந்தால் அங்கே "ஆம்" வரும். "அதுதான் முடிந்துபோன கதையாயிற்றே" என்று "இல்லை" போட்டால், கணினியில் பழைய மனு எழுந்து நிற்கும்போது பொய் சொன்னதாக ஆகிவிடும். மனைவியின் ஏ-எண் (குடியேற்றத் துறை அவருக்குக் கொடுத்த பதிவு எண்) பழைய கார்டில் இருக்கும், அதையே எழுதுங்கள். புதுக் கார்டிலும் பொதுவாக அதே எண்தான் தொடரும். சமூகப் பாதுகாப்பு எண்ணும் பழையதே. டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தில் "புது எண் வேண்டுமா" என்ற இடத்தில் வேண்டாம் என்று போட்டு, இருக்கும் எண்ணை எழுதுங்கள்.

ஐ-130 மனுவோடு ஐ-130ஏ படிவமும் மனைவிக்காக இணைக்க வேண்டும். கடந்த 5 வருட முகவரியும் வேலையும் அதில் வரும். அவர் வெளிநாட்டில் இருந்தால் கையெழுத்து தேவையில்லை, ஆனால் படிவம் நிரம்பியிருக்க வேண்டும்.

பழைய ஆவணங்கள் கையில் இல்லை என்றால், யுஎஸ்சிஐஎஸ்-இன் தகவல் அறியும் பிரிவில் ஆன்லைனில் அவருடைய முழு ஏ-கோப்பையும் (ஏ-எண்ணின் கீழ் உள்ள குடியேற்றக் கோப்பு) கேட்டு வாங்குங்கள். ஐ-407 நகல், நுழைந்த தேதி, அன்று எழுதிய முகவரிகள் எல்லாம் அதில் இருக்கும். இதைப் பார்த்துவிட்டுப் புதுப் படிவங்களை நிரப்புவதுதான் புத்திசாலித்தனம். நேர்காணல் அதிகாரிக்கு இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு என்று தனியாக ஒரு தலைவலி, பெயர். முதல் முறை பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும். அல்லது முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் விழுந்து, கார்டில் முதல் பெயருக்குப் பதில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். இந்தியா வந்து பாஸ்போர்ட் புதுப்பித்தபோது கணவர் பெயர் சேர்ந்திருக்கும். ஆக ஒரே ஆளுக்கு மூன்று பெயர். இப்போதைய பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் முதன்மைப் பெயர். மற்ற எல்லா வடிவங்களையும், 'எஃப்என்யு' வடிவம் உட்பட, "பயன்படுத்திய பிற பெயர்கள்" பகுதியில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஐ-130, டிஎஸ்-260, காவல் சான்று மூன்றிலும் இது ஒன்றுபோல இருக்க வேண்டும்.

முன்பே ஒருமுறை ஒப்புக்கொண்ட திருமணம்தானே என்று ஆதாரத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். அதிகாரி பார்ப்பது இடைப்பட்ட வருடங்களை. பதிவாளர் கொடுத்த திருமணச் சான்று அடிப்படை. கோயில் ரசீதோ மண்டப அழைப்பிதழோ அதற்கு ஈடாகாது. அதோடு இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம், குழந்தைகளின் பிறப்புச் சான்று, ஒருவரை ஒருவர் வாரிசாகக் காட்டிய காப்பீடு. கணவர் அமெரிக்காவிலும் மனைவி இங்குமாக இருந்தால் வந்துபோன பயணச்சீட்டும் பாஸ்போர்ட் முத்திரையும் முக்கியம்.

முதல் முறை 2 வருட நிபந்தனைக் கார்டில் இருந்து, நிபந்தனையை நீக்கும் ஐ-751 போடுவதற்குள் திரும்பி வந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த முறை நுழையும் நாளில் திருமணமாகி 2 வருடம் கடந்திருந்தால், நிபந்தனையுள்ள சிஆர்-1 விசா இல்லை, நிபந்தனையற்ற ஐஆர்-1. நேராக 10 வருடக் கார்டு, நிபந்தனை நீக்கும் வேலையே இல்லை.

யுஎஸ்சிஐஎஸ் முடிவு சொல்லவே ஒரு வருடம் தாண்டலாம். அங்கீகாரம் ஆனதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். மும்பைக்கான வழக்கு எண் 'பிஎம்பி' என்று தொடங்கும். இந்தியாவில் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில்தான், சென்னைக்காரர்களுக்கும். விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், பொறுப்புப் பத்திரத்துக்கு 120 டாலர்.

இங்கேதான் உங்களைப் போன்ற தம்பதிகளின் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. ஐ-407ஐ நினைத்துக் கவலைப்படுகிறவர்கள், கணவரின் 'வசிப்பிடம்' என்ற கேள்வியைக் கவனிப்பதில்லை. ஐ-864 போடுகிறவர் அமெரிக்காவில் வசிக்க வேண்டும். அல்லது மனைவி நுழைவதற்கு முன்போ, அவரோடு சேர்ந்தோ அங்கே வசிப்பிடத்தை மறுபடி நிறுவப்போகிறார் என்று நிரூபிக்க வேண்டும். இருவரும் கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ பல வருடமாக இருக்கும்போது "போவோம்" என்ற வாய்ச்சொல் போதாது. வேலை வாய்ப்புக் கடிதம், வாடகை ஒப்பந்தம், அமெரிக்க வங்கிக் கணக்கின் நடமாட்டம், வாக்காளர் பதிவு, குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க நடந்த கடிதப் போக்குவரத்து, பொருள்களை அனுப்ப வாங்கிய கப்பல் கம்பெனி மதிப்பீடு ஆகியவற்றில் நான்கைந்தாவது வேண்டும். முடிந்தால் கணவர் சில மாதம் முன்னதாகப் போய் வேலையில் சேர்ந்துவிடுவது எல்லாவற்றையும்விட உறுதியான ஆதாரம்.

வருமானக் கணக்கிலும் இதே பொறி இருக்கிறது. வறுமைக்கோட்டின் 125 சதவீதம் காட்ட வேண்டும். 2025 கணக்கில் இருவர் குடும்பத்துக்கு 26,437 டாலராக இருந்தது. இது வருடாவருடம் ஏறும். இந்தியச் சம்பளம் எவ்வளவு பெரிதானாலும், அமெரிக்கா போனதும் நின்றுவிடும் என்றால் கணக்கில் வராது. அதே கம்பெனி அங்கேயும் அதே வேலையைத் தொடரவிடுகிறது என்று கடிதம் கொடுத்தால்தான் வரும். வருமானம் இல்லை என்றால் சொத்தைக் காட்டலாம்: குடிமகனின் மனைவிக்குப் பற்றாக்குறையைப் போல மூன்று மடங்கு. முழுத் தொகையும் பற்றாக்குறை என்றால் அந்த 2025 கணக்கில் 79,311 டாலர், ஒரு வருடத்துக்குள் பணமாக்கக்கூடியதாக. வைப்புநிதி, பங்கு, பரஸ்பர நிதி எளிது. வீடு, நிலம் காட்டினால் மதிப்பீட்டாளர் சான்று, வில்லங்கச் சான்று, விற்றுப் பணத்தை அனுப்ப முடியும் என்பதற்கான விளக்கம் என்று நீண்டுகொண்டே போகும்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ நண்பரோ கூட்டுப் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போடலாம். ஆனால் அது வருமானக் குறையை மட்டுமே தீர்க்கும். மனுதாரரின் வசிப்பிடக் குறையை அவரால் தீர்க்க முடியாது, மனுதாரர் தன் ஐ-864ஐயும் போட்டாக வேண்டும். கோப்புகள் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதோடு ஒட்டியது வரி. குடிமகன் எங்கே வசித்தாலும், வருமானம் வரம்பைத் தாண்டினால் அமெரிக்க வரிப் படிவம் போட வேண்டும். ஐ-864 கேட்கும்போதுதான் "இந்தியாவில் வரி கட்டினேனே, அங்கே எதற்கு?" என்று விழிப்பார்கள். விட்டுப்போன கணக்கைத் தெரிந்தே மறைக்காதவர்களுக்கு அமெரிக்க வருமான வரித் துறையின் எளிமைப்படுத்திய திட்டம் இருக்கிறது: 3 வருட வரிப் படிவமும் 6 வருட வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் போட வேண்டும். மனுவைப் போட்ட அன்றே இதைத் தொடங்குங்கள். மனைவி பக்கம், கடைசி 15 வரி வருடங்களில் 8 வருடத்தில் கார்டு வைத்திருந்தால், விட்ட வருடத்துக்கு 8854 என்ற அமெரிக்க வரிப் படிவம் போட்டிருக்க வேண்டும். ஒரு வருடத்தில் ஒரே ஒரு நாள் கார்டு இருந்தாலும் அந்த வருடம் எண்ணிக்கையில் சேரும். போடவில்லை என்றால் இந்தச் சட்டம் தெரிந்த வரி ஆலோசகரிடம் போங்கள். உள்ளூர் ஆடிட்டருக்கு இது பழக்கம் இருக்காது.

காவல் சான்று பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்க வேண்டும். 16 வயதுக்குப் பிறகு சிங்கப்பூர், துபாய் போன்ற இடங்களில் 12 மாதமோ அதற்கு மேலோ வசித்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும். அமெரிக்காவில் வசித்த காலத்துக்குக் காவல் சான்று கேட்பதில்லை. மருத்துவப் பரிசோதனையை நேர்காணல் தேதி வந்த பிறகு செய்யுங்கள். வழக்கமாக அதன் ஆயுள் 6 மாதம், விசாவின் ஆயுளும் அதை ஒட்டியே அமையும்.

நேர்காணலில் "ஏன் கார்டை விட்டீர்கள்? இப்போது ஏன் திரும்புகிறீர்கள்?" என்று கேட்பார்கள். உள்ளதை இரண்டு வரியில் சொன்னால் போதும். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, வந்தோம். இப்போது கணவருக்கு அங்கே வேலை, குழந்தைகளுக்குப் படிப்பு, குடியேறப் போகிறோம். "கார்டு இருந்தால் எதற்கும் வசதி" என்கிற தொனி மட்டும் வேண்டாம். இது அங்கே குடியிருக்கப் போகிறவருக்கான விசா.

ஐ-407 கொடுக்காமல் கார்டு காலாவதியாகக் கிடக்கிறது என்றால், பதிவேட்டில் அவர் இன்னமும் நிரந்தரக் குடியிருப்பாளராகத் தெரியக்கூடும். தூதரகம் முதலில் ஐ-407 கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணவரும் கிரீன் கார்டுக்காரர் மட்டும் என்றால் கதை வேறு. அது எஃப்2ஏ வகை. எண்ணிக்கை வரம்பு உண்டு, வரிசையில் நிற்க வேண்டும், சொத்துக் கணக்கும் ஐந்து மடங்கு. அவர் மனைவியோடு இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு மனு போட்டால் அவருடைய கார்டுக்கே ஆபத்து. நடுவில் குடியுரிமை வாங்கினால் மனு தானாக உடனடி உறவினர் வகைக்கு உயரும், ஆனால் மனைவியின் மனுவோடு ஒட்டிக்கொண்டிருந்த குழந்தைகள் கழன்றுவிடுவார்கள். குடிமகனின் மனுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஐ-130 வேண்டும்.

சுற்றுலா விசாவில் போய், அங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 போட்டுவிடலாம் என்று அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள். தங்கிவிடும் எண்ணத்தோடு சுற்றுலா என்று சொல்லி நுழைவது மோசடிக் குற்றச்சாட்டில் கொண்டுபோய் விடும். அதற்கு ஆயுள் தடை. ஐ-407 கொடுத்ததால் வராத தடையை நீங்களாகவே வாங்கிக்கொள்ள வேண்டாம். எச்-1பி போன்ற வேலை விசாவில் ஏற்கெனவே முறையாக அங்கே இருப்பவர் விஷயம் தனி. அவர் ஐ-130ஐயும் ஐ-485ஐயும் சேர்த்தே போடலாம்.

விசா வந்ததும் 235 டாலர் குடியேற்றக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நுழைவில் சிக்கல் இல்லை, ஆனால் கார்டு வீட்டுக்கு வராது. நுழையும்போது விசாமேல் விழும் முத்திரை ஒரு வருடத்துக்குக் கார்டாகவே செல்லும். குடியுரிமைக்கான 3 அல்லது 5 வருடம் இந்த நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும். பழைய வருடங்கள் சேராது. சமூகப் பாதுகாப்பில் முன்பு சேர்த்த புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கும். ஊரில் பெரியவர்களுக்காக நீண்ட நாள் வர வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்தால், கிளம்புவதற்கு முன் அமெரிக்காவில் இருக்கும்போதே ஐ-131 போட்டு மறுநுழைவு அனுமதி வாங்கிவிடுங்கள். பொதுவாக 2 வருடம் செல்லும். இந்தியாவுக்கு வந்த பிறகு அதற்கு விண்ணப்பிக்க முடியாது.