கேட்டதும் சொன்னதும்: உலகப் படச் சேனல்கள்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, வேற்றுமொழிப் படங்களுக்கும் சுயாதீனப் படங்களுக்கும் என்றே நடத்தப்படும் சேனல்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். சப்டைட்டில் எழுதிப் பிழைத்தவள் நான். பதில்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குறைந்த செலவில் எடுத்தால் அது சுயாதீனப் படம் ஆகிவிடுமா?

ஆகாது. பெரிய ஸ்டுடியோவின் பணமும் அதோடு சேர்ந்து வரும் உத்தரவும் இல்லாமல் எடுத்த படம் என்பதுதான் பொதுவான அர்த்தம். செலவு குறைவாக இருப்பது பெரும்பாலும் அதன் விளைவு. என்னைக் கேட்டால், படத்தின் கடைசி எடிட்டிங் யார் கையில் இருந்தது என்று பார்ப்பேன். சேனல்காரர்கள் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. கொஞ்சம் வித்தியாசமாக இருந்தாலே போதும், போட்டுவிடுவார்கள்.

கேள்வி: சப்டைட்டிலைப் படித்தால் நடிகரின் முகம் போய்விடுகிறது. முகத்தைப் பார்த்தால் கதை போய்விடுகிறது. எனக்கு மட்டும்தானா இப்படி?

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான். ஆனால் பழியை முழுக்க உங்கள் கண் மேல் போட மாட்டேன். ஒழுங்காக எழுதிய சப்டைட்டில் கண்ணைக் கீழே பிடித்து வைக்காது.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு நேரத்தில் திரையில் இரண்டு வரிக்கு மேல் வரக் கூடாது. ஆங்கிலமானால் ஒரு வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்து. வசனம் எவ்வளவு குட்டியாக இருந்தாலும் ஒரு வினாடிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆறேழு வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால், படித்து முடித்த கண் சும்மா இருக்காமல் மறுபடி முதலிலிருந்து படிக்கும். ஷாட் மாறும் இடத்தில் வரி அப்படியே தங்கிவிட்டாலும் இதே தொல்லை, புது வரி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதனால் படம் எங்கே வெட்டுகிறதோ அங்கேயே வரியையும் வெட்டப் பார்ப்போம்.

அண்ணனும் தங்கையும் மூச்சுவிடாமல் கத்திக்கொள்கிற ஒரு காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வினாடியில் இருபது சொல் பேசிவிடுகிறார்கள். திரையில் அதில் பாதிதான் கொள்ளும். எதை விடுவது? நான் முதலில் வசவை விட்டுவிடுவேன், அது முகத்திலேயே இருக்கிறது. அடுத்தது பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பிறகு 'ஆமாம்', 'இல்லை', 'கேளு'. சண்டைக்கான காரணத்தை மட்டும் தொட மாட்டேன். நகைச்சுவை இதைவிட வம்பு. நடிகர் கடைசிச் சொல்லைச் சொல்வதற்கு அரை வினாடி முன்னால் வரி வந்து தொலைத்தால், பார்ப்பவர் முன்கூட்டியே சிரித்துவிடுவார், அப்புறம் நடிகர் தனியாக நிற்பார். ஆகவே அந்த வசனத்தை இரண்டாக உடைத்து, பின்பாதியைக் கடைசி நொடி வரை பிடித்து வைத்திருப்போம்.

பனி கொட்டும் காட்சியில் வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்புகூடப் போடாமல் விட்ட பிரதிகளையும் பார்த்திருக்கிறேன். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, சேனலுக்கு எழுதித் திட்டலாம்.

டப்பிங்கே போட்டுவிடலாமே என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அதுதான் வழக்கம், அங்கே நன்றாகவே செய்கிறார்கள். ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் சிறுவர் படம் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் சப்டைட்டில்தான். பழக்கம்தான் காரணம். எனக்கு நடிகரின் குரல் வேண்டும். குரல் போனால் நடிப்பில் பாதி போனது.

கேள்வி: இந்தச் சேனல்களில் படங்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஒரு குழுவா, ஒரு ஆளா?

பெயருக்குக் குழு. நல்ல சேனல் என்றால் பின்னால் பெரும்பாலும் பிடிவாதக்காரர் ஒருவர் இருப்பார்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் லாஸ் ஏஞ்சல்ஸில் 1974இல் தொடங்கிய இஸட் சேனல். உள்ளூர்க் கேபிள், சந்தா கட்டினால்தான் வரும். 1980களில் அதன் படத் தேர்வு முழுக்க ஜெர்ரி ஹார்வி என்பவர் கையில் இருந்தது. ஐரோப்பியப் படம், ஜப்பானியப் படம், ஸ்டுடியோக்கள் கைகழுவிய படம், எல்லாம் அவரிடம் ஒரே வரிசையில் வரும். தள்ளுபடி ஆன படத்தை முழு நீளத்தில் தேடிப் பிடித்துப் போடுவது அவருடைய தனிப் பைத்தியம்.

மைக்கேல் சிமினோவின் 'ஹெவன்ஸ் கேட்' 1980இல் மூன்றரை மணி நேரத்துக்கும் மேலான படமாக நியூயார்க்கில் வெளியானது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், ஒரு வாரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைத்து விட்டார்கள், அதுவும் விழுந்தது. கதை அத்தோடு முடிந்தது என்று ஊரே நினைத்தபோது, 1982 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹார்வி பழைய முழுப் பிரதியை வாங்கி ஒளிபரப்பினார். அந்தப் படம் ஒன்றும் குப்பையில்லை என்று சொல்ல ஆரம்பித்தவர்களில் பலர் அப்போதுதான் அதை முழுதாகப் பார்த்தவர்கள். இயக்குநர் நினைத்தபடி இருக்கும் பிரதிக்கு ஒரு மதிப்பு உண்டு என்ற எண்ணம் பரவியதில் இந்தச் சின்னச் சேனலுக்குப் பெரிய பங்கு உண்டு.

சந்தாதாரர் கூட்டம் சிறியதுதான். ஆனால் அது இருந்த ஊரைப் பாருங்கள். ஆஸ்கருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் பலர் அதே ஊரில் வீட்டில் உட்கார்ந்து இஸட் பார்த்தார்கள். ஓட்டுக் காலத்தில் அதில் தங்கள் படம் வர வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் விரும்பியதில் ஆச்சரியமில்லை.

ஹார்வியின் முடிவு கோரமானது. 1988இல் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு செத்தார். அவருடைய ரசனையைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம், அதனால் எழுதுகிறேன். சேனல் விளையாட்டு ஒளிபரப்பையும் சேர்த்துப் பார்த்தது, 1989இல் மூடப்பட்டது. அதைப் பற்றி 2004இல் ஸான் கஸாவெட்டஸ் எடுத்த ஆவணப்படம் இருக்கிறது, கிடைத்தால் பாருங்கள்.

கேள்வி: நல்ல படத்தை நள்ளிரவில் போடுகிறார்கள். அதையே மாதத்தில் நாலு தடவை போடுகிறார்கள். வேறு படம் கிடைக்காதா?

கிடைக்கும், பணம் வேண்டும். சேனல் படத்தை விலைக்கு வாங்குவதில்லை, உரிமையை வாடகைக்கு எடுக்கிறது. இந்த நாட்டில், இத்தனை வருடத்துக்குள், இத்தனை தடவை என்று ஒப்பந்தம். வாங்கிய தடவைகளைக் கெடு முடிவதற்குள் ஓட்டித் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காசு வீண். நள்ளிரவுக்குக் காரணம் இரண்டு. முன்னிரவு விளம்பரத்துக்கு விலை அதிகம். பெரியவர்களுக்கான காட்சிகளைப் பல நாடுகளில் இரவு குறிப்பிட்ட மணிக்குப் பிறகுதான் காட்டலாம். நாலு தடவை போடுவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். முதல் தடவை தூங்கிவிடுகிறவர்களுக்காகத்தான் மற்ற மூன்றும்.

கேள்வி: வெளிநாட்டுப் படம் என்றாலே 'அந்த மாதிரி' காட்சிகள்தான் என்கிறாள் என் தோழி. ஓரத்தில் எச்சரிக்கைக் குறி போட்டால் என்ன?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் சேனல் 4, 1986இல் சில படங்களுக்குத் திரை மூலையில் சிவப்பு முக்கோணம் ஒன்றை விடாமல் காட்டியது. 'ஜாக்கிரதை, பெரியவர்களுக்கு மட்டும்' என்பது அதன் பொருள். முதலில் வந்தது 'தெம்ராக்' என்ற பிரெஞ்சுப் படம். அதில் யாருக்கும் புரிகிற மாதிரி ஒரு மொழியே கிடையாது, உறுமலும் உளறலும்தான். (சப்டைட்டில் எழுதுகிறவளுக்குச் சொர்க்கம்.) எச்சரிக்கை என்ன செய்தது? பார்க்கிறவர்களைக் கூட்டியது! முக்கோணம் தெரிந்தால் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஒழுக்கக் காவலர்களின் கூச்சல், இன்னொரு பக்கம் ஏமாந்த ரசிகர்களின் முணுமுணுப்பு. அடுத்த ஆண்டே முக்கோணத்தை எடுத்துவிட்டார்கள். தோழியிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: நன்றாக ஆரம்பிக்கும் இத்தகைய சேனல்கள் கொஞ்ச வருடத்தில் வேறு ஏதோ ஆகிவிடுகின்றனவே, ஏன்?

அமெரிக்காவில் பிராவோ 1980இல் கலைப் படமும் மேடைக் கலையும் காட்டத்தான் வந்தது. இன்று அதைப் பார்ப்பவர்களுக்கு ரியாலிட்டி ஷோ தவிர வேறு நினைவு வராது. பிராவோவின் கிளையாக 1994இல் வந்த ஐ.எஃப்.சி. (இண்டிபெண்டன்ட் ஃபிலிம் சேனல்), விளம்பரமே இல்லாமல் சுயாதீனப் படங்களைக் காட்டியது. 2010இல் விளம்பரம் வந்தது, அதன் பின் நகைச்சுவைத் தொடர்கள். நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1996இல் தொடங்கிய சன்டான்ஸ் சேனலும் கைமாறி, பெயரை லேசாக மாற்றிக்கொண்டு, தொடர்கள் பக்கம் போனது.

ஒவ்வொன்றிலும் நடந்தது ஒன்றே. விளம்பரம் வந்தால் எண்ணிக்கை வேண்டும். ஒரு படம் ஒரு இரவோடு முடிந்துவிடும், தொடரோ அடுத்த வாரமும் ஆளை இழுத்து வரும். கணக்குப் பார்க்கிறவர் நாற்காலிக்கு வந்ததும் படம் தேர்ந்தெடுக்கிறவருக்கு வேலை குறைந்துவிடும். நான் வேலை பார்த்த ஒரு சேனலிலும் இதுதான் நடந்தது. முதலில் இயக்குநர்களுக்கான சிறப்பு வாரங்கள் போயின, பிறகு படத்துக்கு முன்னால் வரும் ஐந்து நிமிட அறிமுகம் போனது, பிறகு எங்களை அனுப்பினார்கள்.

தாக்குப்பிடித்தவற்றைப் பார்த்தால் பொதுப் பணமோ பொது அமைப்பின் முதுகோ பின்னால் இருக்கும். பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் ஆர்ட்டே 1992 முதல் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் கட்டணச் சேனலாக இருந்த வேர்ல்ட் மூவிஸை எஸ்.பி.எஸ். என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம் 2019இல் எல்லோருக்கும் இலவசமாக்கியது. சேனல் 4இன் ஃபிலிம்4, 1998இல் சந்தாவோடு தொடங்கி 2006இல் இலவசமானது. ஃபிலிம்4 வருவதற்கு முன்பிருந்தே சேனல் 4 படம் எடுக்கவும் பணம் போட்டது. 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' தொலைக்காட்சிக்காக 16 மி.மீ. பிலிமில் எடுத்தது. எடின்பரோ திரைப்பட விழாவில் வரவேற்பைப் பார்த்துத்தான் 1985இல் தியேட்டருக்கு அனுப்பினார்கள்.

கேள்வி: எல்லாம்தான் ஆப்பில் கிடைக்கிறதே. சேனல் எதற்கு?

எல்லாம் கிடைக்காது. ஃபில்ம்ஸ்ட்ரக் என்று ஒரு தளம் 2016இல் வந்தது, பழைய படம், உலகப் படம் எல்லாம் இருந்தது. தாய் நிறுவனம் கைமாறிய பின் 2018 நவம்பரில் மூடிவிட்டார்கள். பெரிய இயக்குநர்கள் எல்லாம் மனுப் போட்டும் பயனில்லை. அதில் இருந்தவற்றில் ஒரு பகுதி அடுத்த ஆண்டு வந்த கிரைட்டீரியன் சேனலுக்குப் போனது. பெயரைக் கவனித்தீர்களா, ஆப் ஆனாலும் 'சேனல்' என்றுதான் வைத்துக்கொண்டார்கள்.

கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். நீங்கள் தேடுவது உங்களுக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்ததை. ஆப்பும் நீங்கள் பார்த்ததைப் போலவே இன்னொன்றை நீட்டும். கேட்காத ஒன்றை உங்கள் முன் வைத்து, 'இதைப் பார்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஜார்ஜியப் படம் ஒன்று வேண்டும் என்று என் வாழ்நாளில் நான் தேடியிருக்க மாட்டேன். மூபி தளம் பல வருடம் மொத்தமே முப்பது படம்தான் வைத்திருந்தது, தினம் ஒன்று வரும், ஒன்று போகும். அவர்கள் செய்தது சேனல் வேலைதான்.

கேள்வி: இரண்டு மணி நேரப் படம் என்று போட்டிருக்கிறது. விளம்பரம் இல்லாத சேனலில் 115 நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெட்டிவிட்டார்களா?

வெட்டியிருக்கவே தேவையில்லை. பிலிம் வினாடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் தொலைக்காட்சி முறை 25. அங்கே படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது பழைய வழக்கம். 120 நிமிடம் 115 ஆவது அப்படித்தான். சரிக்கட்டாவிட்டால் குரலும் ஒரு இழை உயரும், காது கூர்மையானவர்கள் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் சண்டை போட வேண்டியது வேறு விஷயத்துக்கு. அகலத்திரைப் படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே, அதைப் பிடிக்காமல் சில சேனல்கள் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்புகின்றன. அப்போது பக்கவாட்டில் கால்வாசிப் படம் காணாமல் போகிறது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரிந்தால், காரணம் இதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு இந்தப் படங்கள் எல்லாம் 'ஸ்லோ'. ரிமோட் அவர் கையில். எதைப் போட்டு ஆரம்பிக்கலாம்?

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. விழாவில் பரிசு வாங்கியது என்ற ஒரே தகுதியில் போட்டுக் கொல்லும் படங்களும் உண்டு. பத்து நிமிடம் நடந்துபோகிற முதுகைக் காட்டினால் நானே எழுந்துவிடுவேன்.

கியாரோஸ்டமியின் 'நண்பனின் வீடு எங்கே?' போடுங்கள். 1987இல் வந்த ஈரானியப் படம், ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, வசனம் எளிது. ஒரு பையன் பக்கத்து இருக்கைக்காரனின் நோட்டைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். வீட்டுப் பாடத்தை இன்னொரு முறை நோட்டில் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்று அந்த நண்பனை வாத்தியார் மிரட்டியிருக்கிறார். நண்பன் இருப்பது பக்கத்துக் கிராமம், வீடு எது என்று தெரியாது. பெரியவர்கள் யாரும் காது கொடுக்கவில்லை. பையன் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். முழுப் படமும் இதுதான்.

அப்பா நடுவில் எழுந்து போனால் விட்டுவிடுங்கள், கூப்பிடாதீர்கள். நோட்டு போய்ச் சேர்ந்ததா என்று பத்து நிமிடத்தில் அவரே வந்து கேட்பார்.