தாடியும் தோடும்

வணக்கம். என் அண்ணன் பிள்ளைக்கு 21 வயது. ஆணாக வளர்ந்தவன். இப்போது, "நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, ரெண்டும் கலந்த ஆள்" என்கிறான். தாடியை எடுக்கவில்லை, காதில் ஜிமிக்கி போட்டுக்கொள்கிறான். திருநங்கை என்றாலாவது எனக்குப் புரியும். "அதுவும் இல்லை அத்தை" என்கிறான். ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டாமா? இது குழப்பமா, இந்தக் காலத்து ஃபேஷனா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரி,

அத்தையிடம் சொல்லலாம் என்று அவர் நம்பியிருக்கிறார். கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஃபேஷனா என்று கேட்கிறீர்கள். மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையைப் பாருங்கள். பேடிக் கோலத்தில், அதாவது ஆணும் பெண்ணும் கலந்த கோலத்தில், ஒருவர் ஆட, ஊர்க்கூட்டம் நின்று பார்க்கிறது. சாத்தனார் அந்த உருவத்தை 'சுரியல் தாடி' என்று தொடங்குகிறார், சுருண்ட தாடி. தாடியை அடுத்துப் பூங்குழல், பவளச் செவ்வாய், அப்புறம் வெண்தோடு. தாடியும் தோடும் ஒரே முகத்தில்! அது கூத்துக்குப் போட்ட வேடம், உங்கள் பிள்ளைக்கோ இது வாழ்க்கை. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்க் கண்ணுக்கு இந்தக் கலவை புதிதல்ல.

திருநங்கையர் தங்களைப் பெண்ணாக உணர்கிறார்கள், திருநம்பியர் ஆணாக. இவர்கள் எல்லோருக்கும் பொதுப்பெயர் திருநர். இந்த இரண்டிலும் அடங்காதவர்களும் திருநரில் உண்டு. நான்பைனரி என்கிறார்கள். அவர்களிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலர் இரண்டும் கலந்தவர்களாகத் தங்களை உணர்கிறார்கள், ஆண்ட்ரோஜினஸ் என்பது அதைத்தான். சிலருக்கு இரண்டுமே ஒட்டாது. தோற்றத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. நீளக் கூந்தலும் புடவையுமாக இருப்பவரும் நான்பைனரியாக இருக்கலாம். அதனால், "தாடியை எடு, அப்போதுதான் நம்புவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2014 ஏப்ரல் 15 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே, ஒருவர் தன் பாலினத்தைச் சொல்வதற்கு அறுவை சிகிச்சையை வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றது. உடலுக்கே நிபந்தனை கூடாது என்று நீதிமன்றம் சொன்னபோது தாடிக்கு எதற்கு?

குழப்பம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. குழம்பியவர் "அதுவும் இல்லை அத்தை" என்று இவ்வளவு தெளிவாகச் சொல்வாரா?

கடிதம் முழுக்க 'என்கிறான்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 'அவர்' என்று எழுதுகிறேன். தூக்கி வளர்த்த பிள்ளையை அவர் என்றால் யாரோ வெளியாளைச் சொல்வது போல இருக்கும், தெரியும். 'அது' என்று மட்டும் வேண்டாம். ஊரில் கேலி செய்பவர்கள் சொல்கிற சொல் அது. நேரில் உங்களுக்குச் சிரமமே இல்லை. "வந்தியா, சாப்பிட்டியா கண்ணு" என்பதில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. அடுத்தவரிடம் பேசும்போதுதான் சிக்கல் வரும். எப்படிச் சொன்னால் பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். அதுவரைக்கும் உங்கள் முதல் வரியில் ஒரு நல்ல சொல் இருக்கிறதே, 'அண்ணன் பிள்ளை'. அதையே சொல்லுங்கள்.